அடைக்கலமும் வீடும்

ஒரு நகரம் எவற்றைத் தன் நடுவே வைத்துக்கொள்கிறது, எவற்றை விளிம்புக்கு அனுப்புகிறது என்று பார்த்தாலே அதன் மனம் ஓரளவு விளங்கிவிடும். கறவை மாடுகளை நகருக்கு வெளியே வைக்க இடம் தேடியபோது சென்னைக்கு மாதவரம் கிடைத்தது. அங்கே பால் காலனி எழுந்தது. துறைமுகத்துக்குப் போய்வரும் சரக்கு லாரிகள் வடசென்னைத் தெருக்களை அடைத்துக்கொண்டபோது உள்வட்டச் சாலையோரம் லாரி முனையம் வந்தது. 2006இல் மத்தியச் சிறை பக்கத்துப் புழலுக்குப் பெயர்ந்தது. 2018இல் ஆந்திரத்துக்குச் செல்லும் பேருந்துகள் மாதவரத்தில் திறக்கப்பட்ட புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. மூலக்கடையிலிருந்து செங்குன்றம்வரை செல்லும் சாலையின் கிளைத் தெருக்களில், சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும், கதவுக்கு மேலே ஒரு புனிதரின் அல்லது மகானின் பெயரும் தாங்கி நிற்கும் குழந்தைகள் இல்லங்களையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். நிலம் மலிவாகக் கிடைத்தது, வடசென்னையின் ஏழ்மை எட்டும் தூரத்தில் இருந்தது, ஏரியும் தோப்புமாக இருந்த ஊரில் பிள்ளைகள் ஓடியாட இடமும் இருந்தது என்பதால், நகரம் தன்னிடம் வைத்துக்கொள்ளாத குழந்தைகளும் இந்த விளிம்புக்கே வந்து சேர்ந்தார்கள்.

சமயம் சார்ந்த குழந்தைகள் இல்லம் என்று இங்கே குறிக்கப்படுவது, ஒரு துறவற சபையோ, திருச்சபையோ, மடமோ, ஜமாத்தோ, அல்லது இறைப்பணி என்ற எண்ணத்தோடு அறக்கட்டளை அமைத்த தனியொருவரோ, பெற்றோர் இல்லாத அல்லது பெற்றோரால் வைத்துக் காக்க முடியாத குழந்தைகளுக்கு உணவும் உறைவிடமும் படிப்பும் தந்து வளர்க்கும் இடமாகும். அக்குழந்தைகளைச் சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’ என்கிறது; வட்டாரத்து மக்கள் அந்த இடத்தை ‘ஹோம்’ என்றும், அப்படிச் சொல்லக் கூச்சப்படுகிற தாய்மார் ‘ஹாஸ்டல்’ என்றும் சொல்கிறார்கள். இவ்வில்லங்களைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் இரண்டு துருவங்களில் நின்றுவிடுகிறது: ஒரு தரப்பு அவற்றைத் தெய்வத் தொண்டு என்று கைகூப்பும், மறு தரப்பு மதமாற்றக் கூடம், நன்கொடை வியாபாரம் என்று கைநீட்டும். இரண்டு பேச்சுமே இல்லத்தை நடத்துபவரின் உள்நோக்கத்தைப் பற்றியவை. உள்ளே வளரும் குழந்தைக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை; கேட்டிருந்தால் விவாதம் முற்றிலும் வேறு திசையில் போயிருக்கும்.

சென்னையில் இந்தப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று வடசென்னையிலேயே இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் கிராமத்து மக்களை நகரத்தை நோக்கி விரட்டிய காலத்தில், 1782இல், ராயபுரத்தருகே கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கப்பட்டதே மணியக்காரர் சத்திரம். பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்த அந்த இடத்தை வடசென்னையின் பழைய தலைமுறை ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்துவந்தது. பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றியது அந்தச் சத்திரம் என்றால், குழந்தைகளைத் தங்கவைத்து வளர்க்கும் நிறுவனம் அதையடுத்த சில ஆண்டுகளில் வந்தது. ஆளுநரின் மனைவி லேடி கேம்பெல்லின் முயற்சியில் 1787இல் சிறுமியருக்கும், 1789இல் எழும்பூரில் சிறுவர்களுக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கென்று காப்பகங்கள் ஏற்பட்டன. சிறுவர் காப்பகத்தின் பொறுப்பாளராக இருந்தவர் ஆண்டுரு பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு. உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதே முறையைத் தம் காப்பகத்தில் கையாண்டு, மூத்த மாணவனே இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் உருவாக்கினார். 1797இல் லண்டனில் வெளியான அவருடைய நூல் வழியாக அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது.

கல்வி வரலாறு இதைப் பெருமையோடு சொல்லும். ஆனால் அதே காப்பகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கிருந்த சிறுவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். தந்தை பாளையத்திலோ போர்க்களத்திலோ இருக்க, உள்ளூர்ப் பெண்ணான தாய் உயிரோடு இருந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்; அத்தாயின் பழக்கவழக்கங்களிலிருந்தும் செல்வாக்கிலிருந்தும் பிள்ளையை விலக்கி வளர்ப்பதே அவனுக்குச் செய்யும் நன்மை என்று கருதப்பட்டது. காப்பகம் என்ற அமைப்பு சென்னையில் வேர்விட்டபோதே இந்த முரணும் உடன் வேர்விட்டது: குழந்தைமீது உண்மையான அக்கறை, கூடவே குழந்தையின் தாய்மீது அவநம்பிக்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்சங்கள், குறிப்பாக 1876 முதல் 1878வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம், மிஷன் காப்பகங்களை நிரப்பின. பஞ்சத்தில் தப்பிய குழந்தை எந்தச் சமயத்தின் கூரைக்குக் கீழே வளர்வது என்பது அன்றைக்கே சர்ச்சையாயிற்று. அந்தச் சர்ச்சையே பிற சமயத்தாரையும் களத்துக்கு இழுத்தது. 1889இல் சென்னையில் அஞ்சுமனே ஹிமாயத்தே இஸ்லாம் அமைப்பு உருவாகி, எத்தீம்கானா எனப்படும் முஸ்லிம் அனாதை இல்லத்தை நடத்தியது. சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலில் 1905இல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ணா மாணவர் இல்லம் தோன்றியது. 1906இல் தஞ்சாவூருக்கு வந்திறங்கிய சலேசிய சபைக் குருக்களிடம் ஒரு காப்பகத்தின் பொறுப்பே முதற்பணிகளில் ஒன்றாக ஒப்படைக்கப்பட்டது. அதே சபையைச் சேர்ந்த இத்தாலியர் ஆர்ஃபியஸ் மாந்தோவானி, 1960களில் மாதவரத்துக்கு அருகிலுள்ள வியாசர்பாடியில் குடிசைவாழ் மக்களிடையே பணியாற்றினார். அன்னை தெரசாவின் சகோதரிகள் ராயபுரத்தில் சிசு பவன் என்ற குழந்தைகள் இல்லத்தை நடத்தினார்கள். இந்த வரிசையில் அரசு எங்கே என்று தேடினால், 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டத்தில்தான் அது தெளிவாகத் தென்படுகிறது. இந்தியாவிலேயே முதலாவதான அச்சட்டம் வருவதற்குள், சமய நிறுவனங்கள் இப்பணியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்திருந்தன.

சமய நிறுவனங்கள் இப்படி முந்திநின்றதற்குக் காரணம் பணமோ கட்டடமோ மட்டும் அன்று. தாயில்லாக் குழந்தை இரவு இரண்டு மணிக்கு அலறி எழும்போது பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே உறைவிடப் பராமரிப்பின் உயிர்நிலை. எட்டு மணி நேர வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிற ஊழியர், எவ்வளவு நல்லவராயினும், அந்த இரவுக்கு உரியவர் அல்லர். அதே கூரையின்கீழ் படுத்துறங்கி, அதே சாம்பாரைச் சாப்பிட்டு, பதவி உயர்வும் ஓய்வூதியமும் எதிர்பாராமல் முப்பது நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிடும் ஒரு சிஸ்டரோ பிரதரோ உரியவர். சலேசிய சபையை நிறுவிய டான் போஸ்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் துரின் நகரத்தில் தொழிற்சாலைகளை நாடிவந்த அனாதைச் சிறுவர்களிடையே வகுத்த கல்விமுறை அறிவு, சமயம், பரிவு என்ற மூன்றைத் தூண்களாகக் கொண்டது. தவறு செய்தபின் தண்டிப்பதைவிட, தவறு நேராதபடி எப்போதும் உடனிருப்பதே ஆசிரியரின் கடமை என்பது அதன் சாரம். விளையாட்டுத் திடலில் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து விளையாடும் குரு என்ற காட்சி அந்தக் கொள்கையிலிருந்து வந்தது. வேறு சமயத்து இல்லங்களிலும் இதற்கு இணையான மனிதர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். நம்பிக்கை ஒரு மனிதரை இப்படி ஓரிடத்தில் நிலைக்கச் செய்கிறது என்பது எந்தக் கணக்காயரும் மதிப்பிட முடியாத முதலீடு. இதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் நேர்மையான விமர்சனம் ஆகாது.

ஆனால் இந்த அர்ப்பணிப்பு யாருக்காக என்று கேட்டால், ‘அனாதைக் குழந்தைகளுக்காக’ என்ற வழக்கமான விடை வருகிறது. அந்த விடையைக் கொரோனா பெருந்தொற்றுக் காலம் எதிர்பாராத விதத்தில் சோதித்துப் பார்த்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று உறுதியானபோது, குழந்தைகள் இல்லங்களின் நிலைமையை ஏற்கனவே தாமாக முன்வந்து விசாரித்துக்கொண்டிருந்த உச்ச நீதிமன்றம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. அதே வழக்கில் ஆண்டின் இறுதியில் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட கணக்கு வேறொரு செய்தியைச் சொன்னது: தொற்று தொடங்கியபோது நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பிவைக்கப்பட்டிருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இருவருக்குப் போவதற்கு ஒரு வீடு இருந்தது. அது ஒற்றை அறை வீடாகவும், ஓலைக் குடிசையாகவும், பாட்டியின் திண்ணையாகவும் இருந்திருக்கலாம்; ஆயினும் கதவைத் திறந்து உள்ளே அழைக்க ஒருவர் இருந்தார்.

வடசென்னையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பைத் தராது. எண்ணூர் வட்டாரத்து அனல்மின் நிலையங்களும், மணலியின் சுத்திகரிப்பு ஆலையும், திருவொற்றியூரின் தொழிற்சாலைகளும், காசிமேட்டின் மீன்பிடித் துறைமுகமும் உடலுழைப்பை விலைக்கு வாங்கும் இடங்கள். அந்த உடல் விபத்தில் முடங்கினாலோ, குடியில் அழிந்தாலோ, குடும்பத்தைக் கைவிட்டுப் போனாலோ, மிச்சமிருப்பவள் தாய் ஒருத்தியே. விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவள், பத்து வயது மகளைப் பூட்டில்லாத வீட்டில் யாரை நம்பி விட்டுப்போவாள்? பெரம்பூரில் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை 1996இல் மூடப்பட்டது போன்ற நிகழ்வுகள் நிரந்தரச் சம்பளம் என்பதையே ஒரு தலைமுறையின் நினைவிலிருந்து துடைத்துவிட்டன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து கட்டட வேலையிலும் கிடங்கு வேலையிலும் இருப்பவர்களுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்துத் தெருவில்கூட யாரும் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து இல்லத்துக்கு வரும் குழந்தை அன்பில்லாத குழந்தையன்று. நேரமும் கூலியும் பாதுகாப்பான கூரையும் இல்லாத பெற்றோரின் குழந்தை. மாதம் ஒருமுறை வரும் பார்வை நாளில், வறுத்த மீனும் கடையில் வாங்கிய முறுக்குப் பொட்டலமுமாக வந்து, இல்லத்து மரத்தடியில் மகளின் தலையை மடியில் கிடத்திப் பேன் பார்த்துவிட்டு, கதவு மூடும் நேரத்தில் எழுந்துபோகும் தாயைப் பார்ப்பவர் எவரும் அந்தக் குழந்தையை அனாதை என்று சொல்ல மாட்டார்.

பிள்ளையைப் பிரிந்தால்தான் அத்தாய்க்கு உதவி கிடைக்கிறது என்பதே இந்த ஏற்பாட்டின் கொடுமை. அறத்தின் பணம் எந்த வழியில் பாய்கிறது என்பதைப் பார்க்க, இல்லத்து அலுவலக அறையில் தொங்கும் பலகையைப் பார்த்தால் போதும். மாதத்தின் நாட்கள் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும்: யாரோ ஒருவரின் பிறந்தநாள், ஒரு தம்பதியின் திருமண நாள், ஒரு தாத்தாவின் நினைவு நாள். காலைச் சிற்றுண்டிக்கு ஒரு தொகை, வடை பாயசத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தொகை என்று விலைப்பட்டியலும் ஓரத்தில் இருக்கும். குறித்த நாளில் நன்கொடையாளர் குடும்பத்தோடு வருவார், குழந்தைகள் வரிசையாக நின்று முன்பின் அறியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள், அவருக்காக வேண்டுவார்கள், படம் எடுத்துக்கொண்டபின் பந்தி நடக்கும். சனி, ஞாயிறுகளுக்கும் பண்டிகைக் காலத்துக்கும் போட்டி இருக்கும். மாத நடுவில் வரும் செவ்வாய், புதன் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். கொடுப்பவரின் நல்ல மனத்தில் ஐயமில்லை. ஆனால் ஒரே மாதத்தில் பலமுறை பிறருடைய மகிழ்ச்சிக்கு நன்றி சொல்லி நிற்கும் குழந்தை, தன் பிறந்தநாள் எது என்பதைக் காப்பக ஆவணத்தில் இருக்கும் உத்தேசத் தேதியிலிருந்து அறிந்துகொள்ள நேர்வதையும், அந்தப் பாயசத்துக்குச் செலவான தொகையில் சிறிதளவுகூட அவளுடைய தாயின் வீட்டு வாடகைக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

பெரிய நிதிகளுக்கும் இதே இயல்புதான். வெளிநாட்டுச் சபைகளும் கொடையாளர்களும் அனுப்பிய பணம் நெடுங்காலம் படுக்கைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டே வந்தது; எத்தனை குழந்தைகள் உள்ளே இருக்கிறார்கள் என்பதே பணியின் அளவாயிற்று, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பது அறிக்கையில் இடம்பெறவில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொன்றுக்குப் பகிர்ந்தளிப்பது தடைசெய்யப்பட்டது; நிர்வாகச் செலவுக்கான வரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. குழந்தையின் வீட்டைத் தேடிப் போய்ப் பேசும் சமூகப் பணியாளரின் சம்பளம் நிர்வாகச் செலவுக் கணக்கில் சேருமானால், முதலில் வெட்டுப்படுவது குழந்தையை வீட்டோடு இணைக்கும் வேலையாகவே இருக்கும்.

சட்டம் இந்த இடத்தில் தொண்டு உலகத்தைவிடத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறது என்பது சற்றே வியப்பான உண்மை. 1960ஆம் ஆண்டின் அனாதை இல்லங்கள் சட்டம் இல்லங்களை மேற்பார்வையிடுவது பற்றியே பேசியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது வேறு வழியில்லாதபோது மட்டும் கைக்கொள்ள வேண்டிய கடைசி வழி என்பதை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக எழுதிவைத்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், இல்லத்துக்கு வரும் குழந்தை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட மாவட்ட அளவிலான இக்குழுவுக்கே ஒரு குழந்தை இல்லத்தில் இருக்கலாமா, வீட்டுக்கு அனுப்பப்படலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் உண்டு. தமிழகத்து அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றித் தொடங்கிய வழக்கு ஒன்றில், 2017 மே மாதம் நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்தத் திட்டம் என்பது குழந்தையின் உடல்நலம், படிப்பு, மனநிலை, குடும்பச் சூழல், வீடு திரும்புவதற்கான வழி ஆகியவற்றைக் குறித்துவைத்து, அவ்வப்போது திருத்தப்பட வேண்டிய ஆவணம். இல்லம் நல்லதா கெட்டதா என்பதைத் தேவாலயத்தின் அழகோ சமையலறையின் சுத்தமோ காட்டிவிடாது. அந்த ஆவணத்தில் குடும்பம் என்ற பகுதி ‘தாய் உண்டு, வறுமை’ என்று ஒரு வரியில் முடிந்துவிட்டதா, அந்த வறுமைக்கு என்ன செய்யப்பட்டது என்று அடுத்த பக்கம் தொடர்கிறதா என்பதே காட்டும்.

குழந்தை குடும்பத்தில் வளர வேண்டும் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு பிரிவினரையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தது. குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டிருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களிடம் இந்த முன்னேற்றம் அதிகமாகத் தெரிந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் இல்லங்களுக்கென மத்திய அரசு வகுத்த 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள், 25 குழந்தைகளுக்கு 1,000 சதுர அடிப் படுக்கைக் கூடம், அதாவது தலைக்கு 40 சதுர அடி என்று அளவு சொல்கின்றன. இடத்தை அளந்து கொடுத்துவிடலாம்; 25 பேரில் ஒருத்திக்கு மட்டும் காய்ச்சல் அடிக்கும்போது அவளுக்கே உரிய ஒரு கையை எந்த விதியும் அளந்து கொடுத்துவிட முடியாது.

சமயம் சார்ந்த இல்லங்களில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. குழந்தையின் வழிபாடு யாருடையது? அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, அரசின் ஏற்போ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும், வயதுவராதவராயின் பாதுகாவலரின் ஒப்புதலின்றி, சமயப் போதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், குடும்பத்தைப் பிரிந்த குழந்தையின் சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணிக்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்கிறது. அச்சுறுத்தல் ஏதும் இல்லாத இல்லத்திலும் கட்டாயம் நுண்ணிய வடிவில் இருக்க முடியும். சோறும் படுக்கையும் பள்ளிக் கட்டணமும் ஒரே கையிலிருந்து வரும்போது, அந்தக் கை கும்பிடும் திசையில் தானும் கும்பிடாமலிருக்க எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது?

தமிழின் இரட்டைக் காப்பியங்கள் இந்தச் சிக்கலை முன்பே தொட்டிருக்கின்றன. மணிமேகலையில், பிறந்தவுடன் தாயால் தோட்டத்தில் விடப்பட்டு, பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்த ஆபுத்திரனை, பிள்ளையில்லாத அந்தணன் ஒருவன் எடுத்து வளர்த்து வேதமும் கற்பிக்கிறான். வேள்விக்கென்று கட்டப்பட்டிருந்த பசுவை அந்தப் பிள்ளை அவிழ்த்துவிட்டபோது, அவனுடைய பிறப்பு கிளறப்படுகிறது, வளர்த்த தந்தையும் கைவிடுகிறான். வளர்த்த சமயத்தோடு மாறுபடும் நாளில் வீடும் பறிபோகும் என்றால், அது முதலிலிருந்தே நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட வீடுதான். சிலப்பதிகாரத்தில் வேறொரு காட்சி: சமணத் துறவியான கவுந்தியடிகள், கண்ணகியையும் கோவலனையும் தம் பள்ளிக்கு அழைத்துப் போகவில்லை, ஆயர் குலத்து மாதரியின் வீட்டில், அவள் மகள் ஐயையின் துணையோடு, அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரியின் சமயம் சமணம் அன்று என்பது அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை. அடைக்கலம் காக்க இயலாமற்போன துயரில் பின்னர் மாதரி தீயில் வீழ்ந்ததையும் கவுந்தி உண்ணா நோன்பில் உயிர்விட்டதையும் காப்பியம் சொல்கிறது. ஒப்படைத்தவரும் ஏற்றவரும் தம்மேல் எடுத்துக்கொண்ட பொறுப்பின் கனம் அதில் தெரிகிறது. துறவி பொறுப்பேற்பது, வீடு இடம் தருவது என்ற இந்த ஏற்பாடு, இன்று உலகம் வளர்ப்புக் குடும்பம் என்று பேசுவதற்கு வெகு அருகில் நிற்கிறது.

எனினும், இல்லங்களைக் காலி செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களின் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, 100 நாட்களுக்குள் இல்லக் குழந்தைகளைக் குடும்பங்களிடம் சேர்க்க முனைந்தது. நோக்கம் சரியாயினும் நாட்களை எண்ணி முடிக்கிற வேலையன்று இது. குடித்துவிட்டு அடிக்கும் தந்தையிடமோ, பாலியல் தொல்லை தந்த உறவினர் இருக்கும் வீட்டுக்கோ ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்புவது அவளைக் கைவிடுவதற்குச் சமம். அத்தகைய குழந்தைக்கும், யாருமே இல்லாத குழந்தைக்கும், கடும் ஊனத்தோடு பிறந்து கைவிடப்பட்ட குழந்தைக்கும் நல்ல இல்லம் தேவை. அங்கேதான் சமய நம்பிக்கையின் நிலைத்த அன்புக்கு உண்மையான இடமும் இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் வெளியேற வேண்டிய இளைஞருக்கு 21 வயதுவரை பின்பராமரிப்பு தரச் சட்டம் வழிசெய்கிறது. வாடகை வீடு பிடிக்க முன்பணமோ, திருமணப் பேச்சில் முன்நிற்க ஒரு பெரியவரோ இல்லாத அந்த வயதில்தான், முன்னாள் மாணவரைப் பிள்ளையாகவே பாவிக்கும் பழைய இல்லங்கள் அரசு செய்ய முடியாத வேலையைச் செய்கின்றன.

மாற்று வழிகள் இப்போது வெறும் கனவாகவும் இல்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயோடு வாழும் குழந்தைக்கும் உறவினரோடு வாழும் அனாதைக் குழந்தைக்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தர வகைசெய்கிறது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் காக்க இயலாத குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை பெரிதன்று, ஆனால் பணம் குழந்தை இருக்கும் வீட்டைத் தேடிப் போகிறது என்பதில் திசை சரியாகிவிட்டது. விண்ணப்பம் எழுதத் தெரியாத, சான்றிதழ் வாங்க அலைய ஒரு நாள் கூலியை இழக்க முடியாத தாய்க்கு அத்தொகையைப் பெற்றுத் தருவதும், அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைக்கு மாலைவரை ஒரு பாதுகாப்பான கூடத்தைத் திறந்துவைப்பதும், இன்றைக்கு மாதவரத்து இல்லங்கள் செய்யக்கூடிய மிக உயர்ந்த ஆன்மிகப் பணி. அதற்கான கட்டடமும், நம்பிக்கைக்குரிய மனிதர்களும், வட்டாரத்துத் தாய்மாரின் மரியாதையும் அவர்களிடம் ஏற்கனவே இருக்கின்றன. படுக்கைகளின் எண்ணிக்கை குறைவதைத் தோல்வியாக எண்ணாத மனம் ஒன்றுதான் புதிதாகத் தேவைப்படுகிறது.

கொடுக்கும் கைகளுக்கும் இதில் பங்குண்டு. அடுத்த பிறந்தநாளுக்கோ நினைவு நாளுக்கோ ஓர் இல்லத்தில் சாப்பாடு போட எண்ணுகிறவர், அதன் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கிறதா? ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்புத் திட்டம் இருக்கிறதா? சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகள் தம் வீட்டுக்குத் திரும்பினார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமின்றி விடை சொல்லும் இல்லத்துக்கு, பாயசத்துக்கு ஒதுக்கிய தொகையைக் கொடுத்து, அதை ஒரு தாயின் வீட்டு வாடகைக்குச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்ளலாம். குழந்தைகளைப் பார்க்கவோ, அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளவோ வேண்டியதில்லை.